டிகாஷன் வரைந்த ஜமீன்தாரம்மா

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தயாராகாத பொருள் உலகத்திலேயே கிடையாது என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். ஸ்க்ரூ, ஸ்பிரிங், பிஸ்டன், பிஸ்கட், பனியன் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். ஆனால் பழங்காலத்தையே சொந்தமாகத் தயாரித்து, கோணியில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஏற்றி நகரத்துக்குள் அனுப்பிவைத்தவர் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான். மண்ணூர்பேட்டையில் எனக்குப் பக்கத்து போர்ஷனில் குடியிருந்தார். அவர் பெயர் டிகாஷன்.

ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தபால்காரரே 'டிகாஷன் ஊடு எது' என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார். நான் கோவில்பட்டியிலிருந்து எஸ்டேட்டில் வேலை கிடைத்து வந்த புதிதில், ஆள் ஏதோ காபிப் பிரியர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை பல் துலக்க வெளியே வந்தால், மனிதர் துணியில் வரைந்த ஒரு சரஸ்வதியை வாளிக்குள் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருக்கிறார். வாளி நிறைய டீ.

"இன்னா பாக்கறே நைனா? அம்மாவுக்கு வயசு ஏத்திகினு கீறேன்" என்றார்.

இன்று காலை வரைந்த படத்தை இந்த வாரக் கடைசிக்குள் நூறு வருடம் பழையதாக்கி விற்பது, அதுதான் அவர் தொழில். முதலில் அவர் ஒழுங்கான ஆளாகத்தான் இருந்தாராம். கம்பெனிகளுக்கு 'தலைக்கவசம் அணிக', 'இங்கே புகை பிடிக்காதீர்' என்று போர்டு எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வு நேரத்தில் சாமி படம் வரைவார், ஒன்றும் விற்காது. ஒரு மழைக்காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகி, அவர் வரைந்த லட்சுமி நனைந்து, ஓரத்தைக் கரப்பான் தின்று, கீழே போட மனமில்லாமல் வாசலில் சாய்த்து வைத்திருக்கிறார். அந்த வழியாக வந்த பழைய சாமான் வியாபாரி அதைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்துது?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது. அல்லது ஆரம்பித்தது.

"புதுசா வரைஞ்சா நாய் கூட திரும்பிப் பாக்கல. கரப்பான் தின்னதும் கார் எடுத்துகினு வர்றான். நான் இன்னா தம்பி பண்ணட்டும்? ஊரு பழசு கேக்குது, குடுக்கறேன்" என்பார்.

ஒல்லியான, நெட்டையான உடம்பு. ஒரு காதில் பீடி, இன்னொரு காதில் பிரஷ். யோசனையில் இருக்கும்போது எதை எடுக்கிறோம் என்று பார்க்க மாட்டார். ஒருமுறை பிரஷைப் பற்றவைத்து நன்றாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "பீடில கூட கலப்படம் பண்றானுங்க மாமே, நாடு உருப்படுமா?" என்று வருத்தப்பட்டவர் அவர்.

அவருடைய கூட்டாளி மூலைக்கடை டீ மாஸ்டர். கடையில் மிஞ்சும் டீத்தூள் சக்கை முழுக்க டிகாஷனுக்குத்தான். வாளியில் ஊறவைத்த படத்தைக் கூரை மேல் வெயிலில் காயவைப்பார். பிறகு சாம்பிராணிப் புகை. பிறகு நான்காக மடித்துப் படுக்கைக்குக் கீழே வைத்து, அதன் மேலேயே படுத்துத் தூங்குவார். "பழசாவுறதுன்னா சொம்மாவா? கஷ்டத்தைப் பாக்கணும்" என்பார். கூரையில் பிள்ளையாரும் முருகனும் காய்ந்துகொண்டிருக்க, காக்கை விரட்டும் பொறுப்பு எங்கள் லைன் வீட்டில் எல்லா போர்ஷன்காரர்களுக்கும் உண்டு.

நான் துளையிடும் மெஷினில் ஆப்பரேட்டர் என்று தெரிந்ததும் என் மேல் அவருக்குத் தனி மரியாதை வந்தது. ஒரு நாள் மரச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, "இதுல பூச்சி அரிச்ச ஓட்டை போட்டுக் குடு தம்பி" என்றார். நானும் மதிய உணவு நேரத்தில் மெனக்கெட்டு, அளவெடுத்து, இடைவெளி பிசகாமல் வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் முகம் கறுத்துவிட்டது.

"இன்னா நைனா இது? பூச்சி ஐடிஐ படிச்சிட்டு வந்தா மரத்தைத் தின்னுது?"

அதன் பிறகு துளைகளை அவரே போட்டுக்கொண்டார்.

குமணன்சாவடியில் ஒரு ரியல் எஸ்டேட்காரர் இருந்தார். நிலம் வாங்கி விற்று மூன்று மாடி கட்டியவர். ஹாலில் மாட்டத் தாத்தா படம் வேண்டும் என்றார். அந்தத் தாத்தா, பக்கத்து ஏரிப் பாசன வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர். போட்டோ எடுக்கிற வசதி அந்தக் குடும்பத்துக்கு அப்போது இல்லை. "பரவால்ல, வுடு" என்று டிகாஷன் டீ மாஸ்டரை முக்காலியில் உட்காரவைத்து, தலைப்பாகை கட்டி, கையில் ஒரு வெள்ளிப்பூண் தடி கொடுத்து வரைந்தார். படத்தை மாட்டுகிற அன்று நானும் கூடப் போயிருந்தேன். ரியல் எஸ்டேட்காரரின் வயதான அம்மா உள்ளேயிருந்து வந்து படத்தைப் பார்த்தார். பிறகு, "எங்கப்பன் தாண்டா. அதே கண்ணு. பட்டினியா கிடந்த மூஞ்சி எப்டி பளபளன்னு கீது பாரு" என்று சொல்லிப் படத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிகாஷன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாடி ஸ்டாப் வந்ததும், "இனிமே அந்த மாஸ்டரை வாடா போடான்னு பேச முடியாதுபோல" என்றார்.

இந்தச் சில்லறை வேலைகளில் இருந்தவர் பெரிய ஆளாக ஆனது கோதண்டராஜுவால்தான். கோதண்டராஜு என்பவர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் பூந்தமல்லிப் பக்கத்தில் ஒரு ஜமீனில் வாழ்ந்த மாபெரும் ஓவியர். அவரிடம் இருந்த ஒரே குறை, அவர் பிறக்கவே இல்லை என்பதுதான். அவரை உண்டாக்கியவர் டிகாஷன். பெயரை மட்டும் எதிர்ப்புறம் பூட்டிக் கிடந்த வெல்டிங் பட்டறையின் பலகையிலிருந்து எடுத்தார்.

"பேரு வாங்குன ஓவியன் மாதிரியே வரைஞ்சா, அவன் ஆளுங்க வந்து கழுத்தைப் புடிப்பாங்க. இல்லாத ஆளு மாதிரி வரைஞ்சா எவன் வந்து கேப்பான்? சொல்லு பாப்போம்" என்று என்னைக் கேட்டார்.

கோதண்டராஜு ஒரே ஒரு ஆளைத்தான் வரைவார். ஜமீன்தாரின் மனைவி. ஊஞ்சலில் ஜமீன்தாரம்மா, கிளியோடு ஜமீன்தாரம்மா, பல்லக்கில் ஏறும் ஜமீன்தாரம்மா. எல்லாப் படத்திலும் அதே முகம். இடது புருவம் கொஞ்சம் மேலே தூக்கி, 'அப்படியா சங்கதி' என்று யாரையோ விசாரிப்பது போல இருக்கும். தாடையில் ஒரு மச்சம். கடற்கரைப் பக்கம் கேலரி வைத்திருந்த ஒரு மேடம் முதல் படத்தைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டார். டிகாஷன் தன்னைப் பழைய ஜமீன் வீடுகளில் சாமான் எடுக்கிற வியாபாரி என்று சொல்லி வைத்திருந்தார். மூன்றாவது படம் வாங்கும்போது மேடம், "ஏன் எல்லாத்துலயும் ஒரே பெண்மணி?" என்று கேட்டார்.

டிகாஷன் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறினாராம். பிறகு வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஓவியனுக்கு ஜமீன்தாரம்மா மேல் காதல். ஜமீன்தாருக்குத் தெரிந்து அவனை ஊரைவிட்டுத் துரத்திவிட்டார். அவன் கூவத்தின் கரையில் குடிசை போட்டுக்கொண்டு, பார்க்க முடியாத அந்த முகத்தையே சாகும்வரை வரைந்துகொண்டிருந்தான். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு கோதண்டராஜுவை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஒரு ஆராய்ச்சியாளர் அவரைப் பற்றிக் கருத்தரங்கில் பேசினார். பூந்தமல்லியில் ஒருவர், தான் கோதண்டராஜுவின் கொள்ளுப்பேரன் என்று யூடியூபில் பேட்டி கொடுத்தார். கொள்ளுத்தாத்தாவுக்கு வலது கையில் ஆறு விரல் என்றும், நாட்டுக் கோழி என்றால் உயிர் என்றும் சொன்னார். டிகாஷன் என் போனில் அந்தப் பேட்டியை முழுதாகப் பார்த்தார்.

"ஆறு வெரலா? எனக்குத் தெரியாம பூட்ச்சே" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

இந்த இடத்தில் பேபி அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டிகாஷனின் மனைவி. எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி கம்பெனி ஒன்றில் செக்கிங் செக்ஷன். ஒரு தையல் கோணலாக இருந்தாலும் சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு 'ரிஜெக்ட்' என்பதுதான் நாள் முழுக்க அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த வார்த்தை வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்பு ரிஜெக்ட், பக்கத்து போர்ஷன்காரர் முறைக்கு வாசல் பெருக்கியது ரிஜெக்ட், ஒருமுறை வீட்டு ஓனரே ரிஜெக்ட். கணவர் வரைந்த ஜமீன்தாரம்மாவையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"ரெண்டு புருவமும் ஒரே லெவல்ல இல்ல. ரிஜெக்ட்."

"அது அப்டித்தான் பேபி இருக்கும்" என்பார் டிகாஷன்.

லைன் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் பேபி அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. இடது புருவத்தைத் தூக்கி 'அப்படியா சங்கதி' என்று கேட்பது அவர்தான். தாடையில் மச்சம் இருப்பதும் அவருக்குத்தான். இருபது வயதைக் குறைத்து, ஒட்டியாணமும் நெத்திச்சுட்டியும் போட்டுவிட்டதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை போலும். தன் முகம் ஒரு படத்தில் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற ஆளும் அவர் இல்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஓடுகிறவருக்குக் கண்ணாடி என்பது பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்க்கிற சாமான்.

நான் ஒருமுறை டிகாஷனிடம், "அக்காகிட்ட சொல்லிட வேண்டியதுதானே அண்ணே?" என்றேன்.

"நல்லா சொன்னே. சொன்னா அப்பால அவ மூஞ்சிய போட்டோ ஸ்டுடியோல வைக்கற மாதிரி வெச்சிக்குவா. நான் எத்த பாத்து வரையறது?"

வினை அங்கேதான் வந்தது. கூவம் கரைக் காதல் கதை டிவியில் வந்தபோது பேபி அக்கா அதைக் கேட்டார். கதையைக் கட்டியவர் யார் என்று அவருக்குத் தெரியும். வரைகிறவர் யார் என்றும் தெரியும். அப்படியானால் அந்தப் பெண் யார்? அவருடைய புருவம் மேலே போனது. இறங்கவில்லை.

"இவ்ளோ ஆசை எங்கேர்ந்துய்யா வந்துச்சி உனக்கு? யாரு அவ? போர்டு எழுதப் போன கம்பெனில பாத்தியா?"

"ஐயோ பேபி, அது கோதண்டராஜு லவ்வு."

"கோதண்டராஜுவே நீதானேய்யா."

அடுத்த சில வாரங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஆவடியில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போகப் போகிறேன் என்று பேபி அக்கா என் காது படவே சொன்னார். அவர் சொன்னால் செய்கிறவர். டிகாஷன் சோறு தண்ணீர் இல்லாமல் அலைந்தார். ஆனாலும் வரைவதை நிறுத்தவில்லை. கோபமாக இருக்கும்போது அந்தப் புருவம் இன்னும் அழகாக வருகிறது என்றார். இந்த மனிதருக்குப் பரிதாபப்படுவதா, முதுகில் ஒன்று வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கேலரி மேடம் கோதண்டராஜுவின் படங்களை எல்லாம் ஒன்றாகத் திரட்டிக் கண்காட்சி வைத்தார். வாங்கியவர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிக் கொடுத்திருந்தார்கள். டிகாஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஏசி ஹால். எங்கே திரும்பினாலும் பேபி அக்கா பட்டுப்புடவையில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது போல ஒரு பயம் வந்தது.

டிகாஷன் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நடு ஹாலில் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஜமீன்தாரம்மா வீணை வாசிக்கிறார்.

"தம்பி, இது நான் போட்டது இல்ல."

"மறந்திருப்பீங்க அண்ணே."

"மூக்கைப் பாரு. பேபி மூக்கா இது? கொடமொளகா மாதிரி கீது. மச்சத்தைக் காணோம். எவனோ டூப்ளிகேட் போட்டுகீறான்."

மேடத்தைத் தேடிப் போய், அந்தப் படம் போலி என்று சொன்னார். மேடம் பொறுமையாகச் சிரித்தார். "இல்லைங்க, எக்ஸ்பர்ட்ஸ் பார்த்துட்டாங்க. கோதண்டராஜு வரைஞ்சதுலயே இதுதான் பெஸ்ட். அதனாலதான் இன்விடேஷன் அட்டையில போட்டிருக்கோம்."

ஏமாற்றுக்காரன் என்று யாராவது சொல்லியிருந்தால்கூட டிகாஷன் தாங்கியிருப்பார். 'இதுதான் பெஸ்ட்' என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வாசலில் அவர் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தடுத்தேன். "அண்ணே, நீங்க போலீஸ்கிட்ட போகக்கூடாத ஆளு. உங்களைத்தான் உள்ள வைப்பாங்க."

"வைக்கட்டும். எந்த நாயோ பேபி மூக்கை அசிங்கம் பண்ணிகீறான். பாத்துகினு இருக்க சொல்றியா?"

வேறு வழியில்லாமல் நானும் கூடப் போனேன். இன்ஸ்பெக்டர் அப்போதுதான் இட்லி சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா கம்ப்ளைன்ட்?"

"டூப்ளிகேட் சார். ஓவியர் கோதண்டராஜு படத்தை எவனோ போலியா வரைஞ்சி வித்துகீறான்."

"சரி, அந்தக் கோதண்டராஜுவை வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லு."

"அவரு செத்து நூறு வருசத்துக்கு மேல ஆவுது சார்."

"அப்ப நீ யாரு? சொந்தக்காரனா?"

டிகாஷன் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். "நான்தான் சார் அவரு."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை மூடினார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "இவருக்கு எப்பலேர்ந்து இப்படி?" என்றார்.

அதன் பிறகு டிகாஷன் எல்லாவற்றையும் சொன்னார். டீ வாளி, சாம்பிராணி, வெல்டிங் பட்டறைப் பலகை, கூவம், ஒன்றையும் விடவில்லை. இன்விடேஷன் அட்டையை மேஜையில் வைத்தார். முன்பக்கத்தில் வீணைப் படம். உள்ளே மடித்த பக்கத்தில் அவர் வரைந்த கிளிப் படம். எது போலி, எது அசல் போலி என்று விளக்கினார். இன்ஸ்பெக்டர் நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்தார். கடைசியில் மேடத்துக்குப் போன் போட்டுவிட்டு, டிகாஷன் வீட்டைச் சோதனை போட்டுவிட்டு வரச் சொல்லி ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார்.

நடந்ததைக் கான்ஸ்டபிள் பிறகு எங்களிடம் சொன்னார். கதவைத் தட்டியிருக்கிறார். நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு, கையில் துணிப்பையோடு பேபி அக்கா திறந்திருக்கிறார். ஆவடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். போலீஸைப் பார்த்ததும் இடது புருவம் ஏறியது. இப்போதுதான் அட்டையில் அந்தப் புருவத்தைப் பார்த்துவிட்டு வந்த கான்ஸ்டபிள் தன்னை அறியாமல் ஒரு படி பின்னால் இறங்கிவிட்டார்.

"அவள புடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாராம் பேபி அக்கா.

கான்ஸ்டபிள் ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினார். "சார், ஜமீன்தாரம்மா ஊட்லதான் கீறாங்க. இட்டாரட்டுமா?"

மேடம் காரில் வந்து இறங்குவதற்கும் பேபி அக்கா கான்ஸ்டபிளோடு வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. மேடம் பேபி அக்காவைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி பேபி அக்காவைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"யாருய்யா அவ? காட்டு" என்று பேபி அக்கா கணவரை நோக்கிக் கை நீட்டினார்.

"நீங்கதாம்மா அது" என்றார் இன்ஸ்பெக்டர்.

பேபி அக்கா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். துணியைப் பார்க்கிற மாதிரி ஓரம் ஓரமாகப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என் மூக்கு இவ்ளோ பெரிசாவா கீது?"

"அது நான் போட்டது இல்ல பேபி" என்று கிட்டத்தட்ட அழுதார் டிகாஷன். "அதுக்குத்தான் கம்ப்ளைன்ட் குடுக்க வந்தேன். உள்ள பாரு. உள்ள தொறந்து பாரு."

பேபி அக்கா அட்டையைத் திறந்தார். கிளியோடு நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தார். ஏட்டு, கான்ஸ்டபிள், மேடம், நான் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே இருந்த புருவம் மெல்ல இறங்கியது. ஒரு கை தானாகப் போய்த் தாடை மச்சத்தைத் தொட்டது. அன்றைக்கு அவர் ரிஜெக்ட் என்று சொல்லவில்லை. துணிப்பையை டிகாஷன் கையில் கொடுத்து, "புடி, கை வலிக்குது" என்றார்.

இனி வழக்கு. இன்ஸ்பெக்டர் கடமை தவறாத மனிதர். படம் வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், வந்து புகார் கொடுங்கள் என்றார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். மற்றவர்கள் வைத்திருப்பது போலியாக இருக்கலாம், என்னிடம் இருப்பது அசல். ஆராய்ச்சியாளர் ஒரு படி மேலே போய், மண்ணூர்பேட்டையில் யாரோ ஒரு ஆள் விளம்பரத்துக்காகத் தன்னைக் கோதண்டராஜு என்று சொல்லித் திரிவதாகவும், அவர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். பூந்தமல்லிக் கொள்ளுப்பேரன் ஸ்டேஷனுக்கே வந்து, குடும்ப மானம் போகிறது என்று சத்தம் போட்டார். டிகாஷன் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, அந்த ஆறாவது விரல் எந்தப் பக்கம் இருந்தது என்று விசாரித்தார்.

"ஏமாத்தினவன் ஒத்துக்கறான். ஏமாந்தவன் ஒருத்தன்கூட ஒத்துக்க மாட்டேங்கறான். நான் எந்த செக்ஷன்லய்யா போடறது?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர். மேடமும் புகார் கொடுக்கவில்லை. வெளியே தெரிந்தால் கேலரியை மூட வேண்டியதுதான். இனிமேல் பழசு எதுவும் தயாரிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு டிகாஷனை விட்டுவிட்டார்கள்.

"அந்த டூப்ளிகேட்காரன் சார்?"

"எந்திரிச்சுப் போய்யா."

டூப்ளிகேட்காரனை நாங்கள் தேட வேண்டிய அவசியம் வரவில்லை. சேதி பரவிய அன்று சாயங்காலமே அவனாக வந்து வாசலில் நின்றான். டீ மாஸ்டர். இத்தனை நாள் சக்கை கொடுத்துப் பழகியவன், நாமும் ஒன்று போட்டுப் பார்த்தால் என்ன என்று போட்டிருக்கிறான்.

"மன்னிச்சிக்க அண்ணாத்தே. எல்லாம் உன்ன பாத்துதான் போட்டேன். மூக்கு மட்டும் வரல. அதனால என் பொண்டாட்டிய உக்கார வெச்சி வரைஞ்சேன்."

டிகாஷன் அடிக்கத்தான் கை ஓங்கினார். இதைக் கேட்டதும் அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு மாஸ்டரின் தோளில் இறங்கியது.

"அப்ப சரி" என்றார். "அந்தம்மாவுக்கு அந்த மூக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேபி அக்கா கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியை வெளிச்சத்தில் போட்டு உட்கார்ந்து, "இப்ப வரை, உன் பேரையே போட்டு வரை" என்றார். டிகாஷன் பயந்தபடியேதான் நடந்தது. பேபி அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இரண்டு புருவமும் ஒரே மட்டத்தில். மனிதருக்குக் கை ஓடவில்லை. மாலை வரை முயன்று பார்த்துவிட்டு, "பேபி, கரண்டு பில்லு எவ்ளோ வந்துச்சி தெரியுமா?" என்று கேட்டார். புருவம் ஏறியது. அதற்குப் பிறகு பத்தே நிமிடத்தில் படம் முடிந்துவிட்டது. அது அவர்கள் வீட்டில் டிவிக்கு மேலே இருக்கிறது.

எழுதிக் கொடுத்த வாக்கை டிகாஷன் மீறவில்லை. அதன் பிறகு அவர் சுவர்களில்தான் வரைந்தார், எல்லாம் புத்தம் புதுசாக. பள்ளிக்கூட மதில்கள், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சுவர்கள், மேம்பாலத் தூண்கள். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை பஸ்ஸில் போனால் நீங்களே பார்க்கலாம். தடுப்பூசி போடுகிற நர்ஸ், மரம் நடுகிற டீச்சர், குப்பையைப் பிரித்துப் போடச் சொல்கிற அம்மா, எல்லோருக்கும் இடது புருவம் கொஞ்சம் தூக்கி இருக்கும். குப்பையை மாற்றிப் போட வந்தவர்கள் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டுச் சரியாகப் போட்டதாகக் கேள்வி. பேபி அக்கா ஷிப்டுக்குப் போகும்போது எதையும் கவனிக்காதது போலத்தான் போகிறார். ஆனால் முன்னைவிட நிதானமாக நடக்கிறார்.

நான் இப்போது வேப்பம்பட்டில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிவந்துவிட்டேன். கிரகப்பிரவேசத்துக்கு டிகாஷனும் பேபி அக்காவும் வந்திருந்தார்கள். டிகாஷனுக்குக் கண்ணில் புரை வந்து, எதிரே வருகிறவர்களை எல்லாம் குத்துமதிப்பாக 'வா மாமே' என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஐயர் உட்பட. சாப்பாடு முடிந்ததும் ஹாலில் இருந்த பெரிய சுவருக்குப் பக்கத்தில் போய், கையால் தடவித் தடவி ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நடந்தார்.

"நல்ல செவுரு தம்பி. ஆபரேசன் முடியட்டும், வந்து போட்டுக் குடுக்கறேன். அதுவரிக்கும் யாருக்கும் குடுத்துடாதே."

ஆபரேஷன் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. சர்க்கரை இறங்கினால்தான் செய்வோம் என்கிறார்களாம். என் மனைவி கல்யாண போட்டோ மாட்ட வேண்டும் என்கிறாள், மைத்துனன் பெரிய டிவி வாங்கித் தருகிறேன் என்கிறான். அந்தச் சுவரில் நான் இன்னும் ஒரு ஆணிகூட அடிக்க விடவில்லை.